தேடுவது வேறு, கிடைப்பது வேறு: 'ஃபைண்ட்' பழக அக்கா தரும் 10 டிப்ஸ்

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்கு அடிக்கடி வயிற்று வலி வந்துகொண்டிருந்தது. ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட்டை வாங்கி வந்தது என் தங்கை. டாக்டரைப் பார்க்க மறுநாள் சாயங்காலம்தான் நேரம் கொடுத்திருந்தார்கள். அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது. குரலே சரியில்லை.

"அக்கா, ரிப்போர்ட்ல ஃபைண்டிங்ஸ்னு தடிச்ச எழுத்துல போட்டு, கீழே பக்கம் முழுக்க எழுதியிருக்காங்க. அப்பாவுக்கு என்னமோ கண்டுபிடிச்சிருக்காங்கக்கா."

பின்னால் அம்மா அழுவது கேட்டது. "போட்டோ எடுத்து அனுப்புடி" என்றேன். படித்துப் பார்த்தேன். முதல் வரியில் கல்லீரல், இயல்பான அளவு. அடுத்து பித்தப்பை, கல் இல்லை. அடுத்து சிறுநீரகம், அதுவும் இயல்பு. இப்படியே ஒவ்வொரு உறுப்பாகப் போய், கடைசியில் 'இம்ப்ரெஷன்' என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி: குறிப்பிடும்படியான கோளாறு எதுவும் இல்லை.

அந்தத் தலைப்புக்கு 'நோயைக் கண்டுபிடித்துவிட்டோம்' என்று பொருள் இல்லை. 'பார்த்ததில் தெரிந்தவை' என்றுதான் பொருள். என் தங்கை பி.காம். முதல் வகுப்பு. ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவாள், கணக்கு எழுதுவாள். ஆனாலும் அந்த ஒரு சொல் ஒரு குடும்பத்தின் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தது. அவள்மேல் தப்பே இல்லை. 'ஃபைண்ட் என்றால் கண்டுபிடி' என்று சின்ன வயதில் ஒரே ஓர் அர்த்தத்தை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அதோடு சரி.

வீட்டு மாடியில் சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். வேலை தேடும் பிள்ளைகள், கைக்குழந்தையோடு வரும் தங்கச்சிகள், கடை வைத்திருக்கும் தம்பிகள் எல்லாரும் வருவார்கள். பெரிய பெரிய சொற்களில் இவர்கள் யாரும் தடுக்கி விழுவதில்லை. ஃபைண்ட் மாதிரி தினமும் புழங்கும் நாலெழுத்துச் சொல்லில்தான் தடுக்குகிறார்கள். அதனால் இன்றைக்கு இந்த ஒரு சொல்லை மட்டும் உட்கார்ந்து சரிசெய்துவிடலாம்.

முதலில் அடிப்படை. ஃபைண்ட் என்பது தேடும் உழைப்பைச் சொல்லாது. அந்த உழைப்பு முடிந்த நொடியைச் சொல்லும். கண்ணில் பட்டது, கைக்குக் கிடைத்தது, மனசுக்குத் தெரிந்தது, இந்த மூன்றும்தான் ஃபைண்ட். நம் 'கண்டுபிடி'யைப் பிரித்துப் பாருங்கள்: கண்டு, பிடி. கண்ணும் கையும் அதிலேயே இருக்கின்றன. நம்மிடம் இன்னும் நிறைய இருக்கிறது. கண்டெடுக்கிறோம், கண்டறிகிறோம், நமக்குக் கிடைக்கிறது, தெரிய வருகிறது, தோன்றுகிறது. இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் பெரும்பாலும் ஒரே ஃபைண்டை வைத்துச் சமாளிக்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் பேச வாய் திறக்கும் முன், தமிழில் எந்த வினை வருகிறது என்று கவனியுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

1. தேடிக்கொண்டிருக்கும்போது ஃபைண்ட் வேண்டாம்

என் வகுப்பில் அதிகமாக நான் திருத்தும் தவறு இதுதான். "ஐ ஆம் ஃபைண்டிங் மை கீ" என்பார்கள். சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வந்தார்கள். தமிழில் நாம் இதை ஒருநாளும் குழப்புவதில்லை. சாவி கையில் இல்லாதபோது "சாவியைக் கண்டுபிடிச்சுட்டு இருக்கேன்" என்று யாராவது சொல்வோமா? "தேடிட்டு இருக்கேன்" என்றுதானே சொல்வோம்.

தேடுவதற்கு ஆங்கிலத்தில் 'லுக் ஃபார்'. "ஐ ஆம் லுக்கிங் ஃபார் மை கீ." கிடைத்துவிட்டால், "ஐ ஃபவுண்ட் இட்." இன்டர்வியூவில் "ஐ ஆம் ஃபைண்டிங் எ ஜாப்" என்று சொல்லாதீர்கள். "ஐ ஆம் லுக்கிங் ஃபார் எ ஜாப்" என்று சொல்லுங்கள்.

உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகப் போய் ஏட்டுச்சுவடி தேடினாரே, அந்த நடை, அந்த வண்டிப் பயணம், வீடு வீடாகக் கேட்டது எல்லாம் லுக் ஃபார். பரணிலிருந்து ஒரு கட்டை இறக்கித் தூசி தட்டியபோது வேண்டிய சுவடி கண்ணில் பட்டதே, அந்த நொடி ஃபைண்ட். 1887-ல் சீவக சிந்தாமணியும் 1894-ல் புறநானூறும் அவர் பதிப்பில் அச்சேறின. அதற்குப் பின்னால் வருஷக்கணக்கில் லுக்கிங் ஃபார் இருந்தது.

இதன் பக்கத்திலேயே இன்னொரு பள்ளம் 'சர்ச்'. "ஐ சர்ச்ட் மை பேக்" என்றால் பைக்குள் கைவிட்டுத் துழாவினேன் என்று பொருள். "ஐ சர்ச்ட் ஃபார் மை பேக்" என்றால் பையையே தேடினேன். போலீஸ் வீட்டைச் சோதனை போட்டால் 'சர்ச்ட் த ஹவுஸ்'. நீங்கள் முகவரியை வைத்துக்கொண்டு வீட்டைத் தேடி அலைந்தால் 'சர்ச்ட் ஃபார் த ஹவுஸ்'. நடுவில் வரும் அந்த 'ஃபார்' சின்னச் சொல்தான், விட்டால் அர்த்தமே மாறிவிடும்.

2. 'கிடைச்சுது' என்றால் ஃபவுண்டா, காட்டா?

சாவி கிடைச்சுது, லீவு கிடைச்சுது, சம்பளம் கிடைச்சுது. தமிழில் எல்லாம் ஒன்றுதான். ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரியும். யாராவது கொடுத்துக் கிடைத்தால் 'காட்'. நீங்கள் தேடியோ, தற்செயலாகக் கண்ணில் பட்டோ கிடைத்தால் 'ஃபவுண்ட்'.

லீவை மேலதிகாரி கொடுத்தார், எனவே "ஐ காட் லீவ்." சாவி சோபாவுக்கு அடியில் இருந்தது, எனவே "ஐ ஃபவுண்ட் த கீ." வேலை கிடைப்பதற்கு இரண்டும் பொருந்தும். கம்பெனி கொடுத்தது என்று நினைத்தால் 'காட் எ ஜாப்', தேடி அலைந்து பிடித்தேன் என்று நினைத்தால் 'ஃபவுண்ட் எ ஜாப்'. வழியில் பத்து ரூபாய் நோட்டு கிடந்து எடுத்தீர்களா? தேடவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. கண்டெடுத்தீர்கள். அது ஃபவுண்ட்.

3. 'டிட்' பக்கத்தில் ஃபவுண்ட் நிற்காது

ஃபைண்ட், ஃபவுண்ட், ஃபவுண்ட். நிகழ்காலம், இறந்தகாலம், முடிந்தது. மூன்றையும் வரிசையாகச் சொல்லப் பழகியிருப்போம். பேச்சில் மட்டும் "டிட் யூ ஃபவுண்ட் இட்?" என்று வந்துவிடும். 'டிட்' என்பதிலேயே இறந்தகாலம் வந்தாகிவிட்டது. ஒரே சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட வேண்டாம். "டிட் யூ ஃபைண்ட் இட்?" "நோ, ஐ டிட்ன்ட் ஃபைண்ட் இட்."

இன்னொன்று: "ஐ காண்ட் ஏபிள் டு ஃபைண்ட்." நம் ஊரில் பரவலாகக் கேட்கும் வாக்கியம். 'காண்ட்' என்றாலே முடியவில்லை. 'ஏபிள்' அதையேதான் சொல்கிறது. ஒன்று போதும். "ஐ காண்ட் ஃபைண்ட் த அட்ரஸ்" அல்லது "ஐ ஆம் நாட் ஏபிள் டு ஃபைண்ட் த அட்ரஸ்". டெலிவரிக்கு வரும் தம்பிகள் இந்த ஒரு வாக்கியத்தைச் சரியாக வைத்திருந்தால் வெளிமாநில வாடிக்கையாளரிடமும் தைரியமாகப் பேசலாம்.

4. பொருளுக்கு ஃபைண்ட், விஷயத்துக்கு ஃபைண்ட் அவுட்

"ஐ ஃபவுண்ட் அவுட் மை பர்ஸ்" என்று எழுதிக் கொண்டுவருவார்கள். பர்ஸ் கையில் எடுக்கிற பொருள். அதற்கு வெறும் ஃபவுண்ட் போதும். 'அவுட்' சேர்த்தால், விசாரித்தோ யோசித்தோ ஒரு தகவலைத் தெரிந்துகொண்டேன் என்று பொருள். ரயில் எத்தனை மணிக்கு? "ஃபைண்ட் அவுட் த ட்ரெயின் டைம்." யார் சொன்னது? "ஃபைண்ட் அவுட் ஹூ செட் இட்."

சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். தமிழில் 'தெரிஞ்சுக்கிட்டேன்', 'விசாரிச்சுட்டேன்' என்று மாற்றிச் சொல்ல முடிந்தால் ஃபைண்ட் அவுட். 'பர்ஸைத் தெரிஞ்சுக்கிட்டேன்' என்று சொல்ல முடியாது இல்லையா? அப்படியானால் வெறும் ஃபைண்ட்.

ஆள்மேல் இதைப் போடும்போது கவனம் வேண்டும். "ஹி வாஸ் ஃபவுண்ட்" என்றால் காணாமல் போனவர் கிடைத்துவிட்டார். "ஹி வாஸ் ஃபவுண்ட் அவுட்" என்றால் அவருடைய குட்டு வெளிப்பட்டுவிட்டது. காணாமல் போன பெரியவர் கிடைத்த நல்ல செய்தியை எழுதும்போது இந்த 'அவுட்' தவறி விழுந்தால் அந்தக் குடும்பத்தின் மனம் நோகும்.

5. ஏற்கெனவே இருந்ததா, புதிதாக உண்டாக்கியதா?

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அம்மாக்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தமிழில் சர் சி.வி.ராமனும் கண்டுபிடித்தார், கிரஹாம் பெல்லும் கண்டுபிடித்தார். ஆங்கிலத்தில் ஒருவர் 'டிஸ்கவர்', மற்றவர் 'இன்வென்ட்'.

திருச்சியில் பிறந்த ராமன் ஒளிச் சிதறலில் ஒரு விளைவைக் கண்டார். கண்டுபிடித்த நாள் 1928 பிப்ரவரி 28. அதனால்தான் அந்தத் தேதியை தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். அவர் பார்ப்பதற்கு முன்னாலும் ஒளி அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. யாருக்கும் தெரியாமல் இருந்ததை அவர் தெரியவைத்தார். அது டிஸ்கவர். பெல் 1876-ல் காப்புரிமை வாங்கிய தொலைபேசி அதற்கு முன் உலகில் எங்கும் மரத்தில் காய்த்துத் தொங்கவில்லை. மனிதர் யோசித்து உண்டாக்கியது. அது இன்வென்ட்.

அப்படியானால் ஃபைண்ட் எங்கே வரும்? 1863 மே 30 அன்று, நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். பழைய கற்கால மனிதன் செதுக்கிய கருவி அது. கண்டு எடுத்தார், எனவே "ஹி ஃபவுண்ட் எ ஸ்டோன் டூல்." அந்தக் கருவியையே 'எ ஃபைண்ட்' என்றும் சொல்லலாம். கண்டெடுத்த அரிய பொருள் என்று அர்த்தம்.

இதிலிருந்து இன்னொரு நுணுக்கம். கீழடியில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த பானை ஓடுகளும் மணிகளும் 'ஃபைண்ட்ஸ்'. அவற்றை ஆராய்ந்து, இங்கே இப்படி வாழ்ந்தார்கள் என்று எழுதும் முடிவுகள் 'ஃபைண்டிங்ஸ்'. கையில் எடுக்கிறது ஃபைண்ட்ஸ், காகிதத்தில் எழுதுவது ஃபைண்டிங்ஸ். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் கட்டுரை எழுதும்போது இதைச் சரியாகப் போட்டால் படிப்பவர் கண்ணில் நிற்கும்.

6. 'எனக்கு' என்று தொடங்கினால் 'ஐ ஃபைண்ட்'

பத்து டிப்ஸில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். நம் மனசில் படுவதை எல்லாம் 'எனக்கு' என்றுதான் ஆரம்பிக்கிறோம். எனக்குக் கஷ்டமா இருக்கு. எனக்கு இந்தப் புத்தகம் நல்லா இருந்தது. எனக்கு அவர் பேச்சு புரியலை. ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்த 'எனக்கு'வை எங்கே வைப்பது என்று தெரியாமல் "ஃபார் மீ, இட் இஸ் டிஃபிகல்ட்" என்று இழுப்போம். அங்கே வந்து உட்கார வேண்டியது ஃபைண்ட்.

"எனக்குக் காலையில எழுந்திருக்கிறது கஷ்டமா இருக்கு": "ஐ ஃபைண்ட் இட் டிஃபிகல்ட் டு கெட் அப் எர்லி."

"எனக்கு அந்தப் பரீட்சை சுலபமா இருந்தது": "ஐ ஃபவுண்ட் த எக்ஸாம் ஈஸி."

"அவளுக்குப் புது ஆபீஸ் பழகலை, கஷ்டப்படுறா": "ஷி இஸ் ஃபைண்டிங் இட் ஹார்ட் இன் த நியூ ஆபீஸ்."

கடைசி வாக்கியத்தில் ஃபைண்டிங் வந்ததைக் கவனித்தீர்களா? முதல் டிப்ஸில் வேண்டாம் என்றேனே, அது தொலைந்த பொருளைத் தேடுவதற்கு. இப்போதைக்கு மனசில் படுகிற ஒன்றைச் சொல்ல ஃபைண்டிங் தாராளமாக வரலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை: ஈஸி, ஈஸிலி. "ஐ ஃபவுண்ட் த புக் ஈஸி" என்றால் படிக்கச் சுலபமாக இருந்தது. "ஐ ஃபவுண்ட் த புக் ஈஸிலி" என்றால் சிரமமில்லாமல் கிடைத்தது. முதலாவது புத்தகத்தைப் பற்றியது, இரண்டாவது தேடிய விதத்தைப் பற்றியது.

7. 'வந்து பார்த்தா' என்றால் அங்கே ஃபவுண்ட் இருக்கிறது

நாம் கதை சொல்லும்போது எத்தனை தடவை 'பார்த்தா' போடுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். "வீட்டுக்கு வந்து பார்த்தா கதவு திறந்து கிடக்கு." "போய்ப் பார்த்தா குழந்தை தூங்கிட்டு இருக்கு." "விசாரிச்சுப் பார்த்தா அவரும் எங்க ஊர்தான்." இந்தப் 'பார்த்தா'வை ஆங்கிலத்தில் 'இஃப் ஐ சீ' என்று மாற்றினால் தொலைந்தது. அது நிபந்தனை இல்லை, எதிர்பாராமல் கண்ணில் பட்டதைச் சொல்வது. எனவே ஃபவுண்ட்.

"ஐ கேம் ஹோம் அண்ட் ஃபவுண்ட் த டோர் ஓப்பன்."

"ஐ ஃபவுண்ட் த பேபி ஸ்லீப்பிங்."

"ஐ ஃபவுண்ட் அவுட் தட் ஹி இஸ் ஃப்ரம் அவர் டவுன்."

மூன்றாவதில் விசாரித்துத் தெரிந்தது, அதனால் அவுட் சேர்ந்துவிட்டது. நாலாவது டிப்ஸ் ஞாபகம் வருகிறதா?

'என்னையறியாமல்' என்பதற்கும் இங்கேயே வழி இருக்கிறது. படம் பார்த்துக்கொண்டிருந்தேன், என்னையறியாமல் அழுதுவிட்டேன். "ஐ ஃபவுண்ட் மைசெல்ஃப் க்ரையிங்." மனசுக்குள் இருப்பதை இவ்வளவு அழகாகச் சொல்ல ஒரு வழி இருக்கும்போது, 'ஐ க்ரைட்' என்று மொட்டையாக நிறுத்த வேண்டியதில்லை.

8. ஃபவுண்ட் இரண்டு உண்டு

இது செய்தித்தாள் படிப்பவர்களுக்கு. ஒரு ஃபவுண்ட், ஃபைண்டின் இறந்தகாலம். இன்னொரு ஃபவுண்ட் தனி வினை. நிறுவுவது, அடித்தளம் போடுவது என்று பொருள். லத்தீனில் அடித்தளத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வீடு கட்டும்போது 'ஃபவுண்டேஷன்' போடுகிறோமே, அதே குடும்பம். இதன் இறந்தகாலம் 'ஃபவுண்டட்'.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-ல் நிறுவினார். "ஷி ஃபவுண்டட் த கேன்சர் இன்ஸ்டிட்யூட்." இங்கே வெறும் 'ஃபவுண்ட்' என்று எழுதினால், அந்த இடத்தை எங்கேயோ தேடிக் கண்டுபிடித்துவிட்டார் என்று ஆகிவிடும். ஓர் அம்மாவின் உழைப்பு ஒரே அசையில் காணாமல் போகும். நிறுவியவர் 'ஃபவுண்டர்'. கண்டெடுத்தவர் 'ஃபைண்டர்'.

'அன்ஃபவுண்டட்' என்று வந்தால் 'கிடைக்காத' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடித்தளம் இல்லாத, அதாவது ஆதாரமற்ற. 'அன்ஃபவுண்டட் ரூமர்ஸ்' என்றால் ஆதாரமற்ற வதந்தி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எதையாவது ஃபார்வர்ட் செய்யும் முன், இந்தச் சொல்லை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

உச்சரிப்பிலும் ஒன்று. ரூல்ஸ் மீறினால் ஃபைன் கட்டுகிறோம். ஃபைன் போடுவதன் இறந்தகாலம் 'ஃபைன்ட்'. காதுக்கு அதுவும் ஃபைண்ட்தான், எழுத்தில்தான் வேறு. "ஹி வாஸ் ஃபைன்ட்" என்று கேட்டால், அவர் கிடைத்தார் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு அபராதம் போட்டிருக்கிறார்கள்.

9. பாடப்புத்தகம், கோர்ட், ஸ்கேன் ரிப்போர்ட்

கணக்கில் "ஃபைண்ட் த வேல்யூ ஆஃப் எக்ஸ்" என்று வரும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இது 'காண்க'. கணக்கைப் படிப்படியாகப் போட்டு விடையைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். விடையை மட்டும் எழுதினால் வழிமுறைக்கான மதிப்பெண் போய்விடும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

அறிவியலில் 'இஸ் ஃபவுண்ட் இன்' என்று வரும். நீலகிரி வரையாடு மேற்குத் தொடர்ச்சி மலையில் 'இஸ் ஃபவுண்ட்'. யாரோ கண்டுபிடித்தார்கள் என்பது செய்தி இல்லை. அங்கே வாழ்கிறது, அங்கே காணப்படுகிறது என்பதுதான் செய்தி.

கோர்ட் செய்தியில் "த கோர்ட் ஃபவுண்ட் ஹிம் கில்ட்டி" என்று வந்தால், சாட்சியங்களைப் பார்த்து அவர் குற்றவாளி என்று நீதிமன்றம் முடிவுக்கு வந்தது என்று பொருள். 'ஃபேக்ட் ஃபைண்டிங் டீம்' என்பதை நம் பத்திரிகைகள் 'உண்மை கண்டறியும் குழு' என்று அழகாகவே எழுதுகின்றன.

இனி ஸ்கேன் ரிப்போர்ட். மறுபடி எந்த வீட்டிலும் அந்த ராத்திரி வரக்கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெரும்பாலான ஸ்கேன் ரிப்போர்ட்டில் இரண்டு முக்கியத் தலைப்புகள் இருக்கும். 'ஃபைண்டிங்ஸ்' என்பதன் கீழ், பார்த்த உறுப்புகளை வரிசையாக எழுதுவார்கள். நன்றாக இருப்பதையும் எழுதுவார்கள். பக்கம் நிறைந்திருப்பதால் நோய் நிறைய இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. 'இம்ப்ரெஷன்' என்பது அதன் சுருக்கம். டாக்டர் முதலில் தேடுவது அதைத்தான்.

உள்ளே வரும் சில சொற்கள்: 'நார்மல் இன் சைஸ்' என்றால் இயல்பான அளவு. 'நோ கால்குலஸ்' என்றால் கல் இல்லை. 'அன்ரிமார்க்கபிள்' என்ற சொல் பயமுறுத்தும், ஆனால் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை, இயல்பாக இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். 'இன்சிடென்டல் ஃபைண்டிங்' என்றால் வேறு எதற்கோ பார்க்கும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது. அது பெரிதா, விட்டுவிடலாமா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். சொற்களின் பொருள் தெரிந்தால் பதற்றம் குறையும், அவ்வளவுதான். உடம்புக்கு என்ன செய்வது என்பதை ரிப்போர்ட்டையும் நம்மையும் சேர்த்துப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

10. மெயிலிலும் கம்ப்யூட்டரிலும்

வேலைக்கு விண்ணப்பம் அனுப்பும்போது "ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட் மை ரெஸ்யூமே" என்று எழுதுகிறோம். தேடிக் கண்டுபிடியுங்கள் என்று யாரையும் வேலை வாங்கவில்லை. 'இத்துடன் இணைத்துள்ளேன்' என்பதற்கு ஆபீசில் வழிவழியாக வந்த வாசகம் அது. எழுதலாம், தவறில்லை. ஆனால் 'ஹியர்வித்', 'த சேம்' என்றெல்லாம் வால் சேர்க்க வேண்டாம். "ஐ ஹேவ் அட்டாச்ட் மை ரெஸ்யூமே" என்று நேராக எழுதுவது இன்னும் நல்லது. அனுப்பும் பட்டனைத் தொடும் முன், ஃபைல் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் விசையோடு எஃப் விசையை அழுத்தினால் வருவது ஃபைண்ட் பெட்டி. நூறு பக்கத் தேர்வு முடிவுப் பட்டியலில் உங்கள் பதிவெண்ணை அதில் அடித்தால் நேராக அந்த வரிக்குக் கொண்டுபோகும். போனில் பல பிரவுசர்களில் மூன்று புள்ளியைத் தொட்டால் 'ஃபைண்ட் இன் பேஜ்' இருக்கும். இதில் ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். பட்டியலைப் போட்டோ மாதிரி ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தால் இந்தப் பெட்டிக்கு எண்களைப் படிக்கத் தெரியாமல் போகலாம். உங்கள் எண் இருந்தாலும் இல்லை என்று காட்டும். அதைப் பார்த்து மனசு உடைந்துவிடாதீர்கள். வரிசைப்படி கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

'404 நாட் ஃபவுண்ட்' என்று வந்தால், கேட்ட பக்கம் அந்த முகவரியில் இல்லை என்று பொருள். உங்கள் போனில் கோளாறு இல்லை. முகவரியில் எழுத்து ஏதும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கைவசம் இருக்கட்டும்: அப்படியே எடுத்துப் பேச ஆறு தொடர்கள்

ஃபைண்ட் ஃபால்ட்: குறை கண்டுபிடிப்பது. பின்னால் 'வித்' சேர்த்துச் சொல்லுங்கள்.

ஃபைண்ட் டைம்: எத்தனை வேலை இருந்தாலும் நேரம் ஒதுக்குவது.

ஃபைண்ட் த மனி: பணம் புரட்டுவது.

ஃபைண்ட் த வே: வழி தெரிந்து போய்ச் சேர்வது.

ஃபைண்ட் யுவர் ஃபீட்: புது இடத்தில் காலூன்றுவது. கல்யாணமாகிப் போன ஊர், புது வேலை, புது ஹாஸ்டல் எதற்கும் பொருந்தும்.

லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்: விமான நிலையம் போன்ற இடங்களில், தொலைந்து கிடைத்த பொருட்களை வைத்திருக்கும் கவுண்டர். பையைத் தவறவிட்டால் முதலில் போய்க் கேட்க வேண்டிய இடம்.

ஏழு நாள் பழக்கம்

படித்ததை மடித்து வைத்துவிட்டால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். ஒரு பழைய நோட்டை எடுங்கள். தினமும் ராத்திரி படுக்கப் போகும் முன் அன்றைக்கு நடந்த மூன்று விஷயங்களைத் தமிழில் எழுதுங்கள். முதலாவது, நீங்கள் தேடிய ஒன்று. இரண்டாவது, உங்களுக்குத் தெரிய வந்த ஒன்று. மூன்றாவது, 'எனக்கு' என்று தொடங்கும் ஒன்று. பிறகு பக்கத்திலேயே ஆங்கிலத்தில் எழுதுங்கள். கடையில் நல்ல முருங்கைக்காய் கிடைக்காமல் அலைந்தது, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வேலை கிடைத்த செய்தி தெரிந்தது, வெயிலில் நடக்க முடியாமல் போனது, எது வேண்டுமானாலும் இருக்கட்டும். உங்கள் வாழ்க்கையிலிருந்து வந்த வாக்கியம்தான் வாயில் ஒட்டும். ஏழு நாளில் இருபத்தொரு வாக்கியம் சேரும். எட்டாவது நாள் அவற்றைச் சத்தம் போட்டுப் படியுங்கள்.

தப்பு வந்தால் வரட்டும், வெட்கப்பட எதுவும் இல்லை. கண்டெடுப்பது, கண்டறிவது, கிடைப்பது, தோன்றுவது என்று இத்தனை வித்தியாசத்தை அம்மா மடியிலேயே கற்றுக்கொண்டவர்கள் நாம். அந்தப் பகுத்துப் பார்க்கும் அறிவு ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எந்த வாக்கியத்தில் அதை உட்கார வைப்பது என்பது மட்டும்தான் பாக்கி.

போன மாதம் அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட்டை வாங்கியது அதே தங்கைதான். இந்தத் தடவை போன் வந்தது ராத்திரி இல்லை, சென்டர் வாசலிலிருந்தே. "அக்கா, ஃபைண்டிங்ஸ் படிச்சுட்டேன். எல்லாம் நார்மல்னு இருக்கு. ஒண்ணே ஒண்ணு மட்டும் இன்சிடென்டல்னு போட்டிருக்காங்க, அதை டாக்டர்கிட்ட கேக்கணும்னு நோட்ல எழுதி வச்சிருக்கேன்." மறுநாள் டாக்டரிடம் அந்தக் கேள்வியை அவளே கேட்டாள், பதிலையும் அவளே எழுதிக்கொண்டு வந்தாள். பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் எல்லாரும் தூங்கினோம்.